சில வேலைகள் ஏன் ஆபத்தானவை?

நீங்கள் முதன்முதலில் 'அ' எழுதியது எதில்? பலருக்கும் நினைவு இருக்கும். சிலேட்டில்தான். கையில் பலப்பம். சிலர் அதைச் சிலேட்டுக் குச்சி என்பார்கள். எழுதினோம். அழித்தோம். மறுபடியும் எழுதினோம்.

அந்தப் பலப்பம் எங்கிருந்து வருகிறது? யார் செய்கிறார்கள்? எப்போதாவது யோசித்தது உண்டா?

மத்தியப் பிரதேசத்தில் மந்தசௌர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. நம் நாட்டில் பலப்பம் செய்த முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே பூமிக்குள் ஒருவகைக் கல் கிடைக்கிறது. அதை வெட்டி எடுப்பார்கள். பட்டறைக்குக் கொண்டு வருவார்கள். அங்கே மின்சாரத்தில் சுழலும் வட்ட ரம்பம் இருக்கும். தொழிலாளி அதன் பக்கத்தில் உட்காருவார். கல்லை ரம்பத்தில் கொடுத்து, மெல்லிய குச்சிகளாக அறுப்பார்.

அறுக்கும்போது தூசி பறக்கும். பட்டறை முழுவதும் புகை மூட்டம் போல் இருக்கும். தலைமுடியில் தூசி. இமையில் தூசி. மூச்சிலும் தூசி.

சில ஆண்டுகள் போகும். தொழிலாளிக்கு இருமல் வரும். பிறகு மூச்சு வாங்கும். மேடு ஏற முடியாது. பிறகு நடக்கவும் முடியாது. பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். கணவனை இழந்த பெண்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற அதே பட்டறைக்கு வேலைக்குப் போனார்கள்.

அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இருக்கிறது. அதன் மருத்துவர்கள் மந்தசௌருக்கு வந்தார்கள். தொழிலாளர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வின் முடிவு 1985-ல் வெளிவந்தது. சோதித்துப் பார்த்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் நுரையீரல் கெட்டுப் போயிருந்தது.

நமக்கு எழுத்தைத் தந்த பலப்பம், அதைச் செய்தவரின் மூச்சை எடுத்துக்கொண்டது.

ஒரே பலப்பம், மூன்று பேர்

இங்கே ஒரு கேள்வி வருகிறது. பலப்பத்தை மூன்று பேர் தொடுகிறார்கள். ஒருவர் பட்டறையில் அறுப்பவர். ஒருவர் கடையில் விற்பவர். ஒருவர் பள்ளியில் எழுதுபவர். அறுப்பவருக்கு மட்டும் ஏன் நோய் வந்தது?

மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், அவர் ஆபத்துக்கு மிக அருகில் இருக்கிறார். தூசி கிளம்பும் இடத்தில்தான் அவருடைய மூக்கு இருக்கிறது.

இரண்டாவது காரணம், அளவு. எழுதும்போது விழும் தூள் சிட்டிகை அளவுதான். அறுக்கும்போது பறப்பதோ மிக அதிகம். அதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நிறைய.

மூன்றாவது காரணம், நேரம். நாள் முழுவதும் அதே இடம். ஆண்டு முழுவதும் அதே வேலை.

எந்த வேலையையும் இந்த மூன்றையும் வைத்து எடை போட்டுப் பார்க்கலாம். ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது? எவ்வளவு அதிகமாக இருக்கிறது? எவ்வளவு நேரம் அதில் இருக்கிறோம்?

ஒரு சின்னக் கணக்கு

எது அதிக ஆபத்தான வேலை என்று எப்படிச் சொல்வது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தொழிலில் 10,000 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 10 பேருக்கு விபத்து. இன்னொரு தொழிலில் 500 பேர்தான் வேலை செய்கிறார்கள். அங்கே ஓர் ஆண்டில் 5 பேருக்கு விபத்து.

எது ஆபத்தானது? 10 பெரியதா, 5 பெரியதா என்று பார்த்தால் ஏமாந்து போவோம். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும்.

முதல் தொழிலில் ஆயிரம் பேருக்கு 1 விபத்து. இரண்டாவது தொழிலில் ஆயிரம் பேருக்கு 10 விபத்து. ஆக, இரண்டாவது தொழில் பத்து மடங்கு ஆபத்தானது. ஆள் குறைவான தொழில் என்பதால் அது வெளியே தெரிவதில்லை.

இரண்டு வகை ஆபத்து

வேலையில் வரும் ஆபத்து இரண்டு வகை.

ஒன்று, திடீர் ஆபத்து. சாரத்திலிருந்து விழுவது. இயந்திரத்தில் கை மாட்டுவது. மின்சாரம் தாக்குவது. மண் சரிவது. தீ பிடிப்பது. இது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். செய்தித்தாளிலும் வரும்.

இன்னொன்று, மெதுவான ஆபத்து. தூசி, நச்சுப்புகை, ஓயாத இரைச்சல், பூச்சிமருந்து. இவை உடனே ஆளை வீழ்த்தாது. கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பத்து ஆண்டு கழித்து நோய் வரும். அதற்குள் அந்த ஆள் வேலையை விட்டிருப்பார். ஊர் திரும்பியிருப்பார். நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு மறைந்து போகும்.

அதனால்தான் மெதுவான ஆபத்தை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அது எடுக்கும் உயிரும் உயிர்தான்.

தூசி எப்படிக் கொல்கிறது?

பல வகைக் கல்லிலும் மணலிலும் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. கல்லை உடைத்தாலும், அறுத்தாலும், துளை போட்டாலும் சிலிக்காத் தூசி கிளம்பும்.

பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தும்மினால், காறித் துப்பினால் வெளியே வரும். நுண்தூசி அப்படி இல்லை. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கு போடுங்கள். அதில் ஒரு பங்கைவிடவும் அது சிறியது. கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நேராக நுரையீரலின் அடி வரைக்கும் போய்விடும்.

நுரையீரல் பஞ்சு போன்றது. காற்று வந்தால் விரியும். போனால் சுருங்கும். சிலிக்காத் தூசி படிந்த இடத்தில் புண் உண்டாகிறது. புண் ஆறி வடு ஆகிறது. வடு விரியாது. வடு பெருகப் பெருகப் பஞ்சு கட்டியாகிவிடுகிறது. மூச்சு முட்டுகிறது. இந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ்.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிக்கோசிஸ் வந்தாலும் இருமல், இளைப்பு, மெலிவு வரும். டி.பி. வந்தாலும் அதே இருமல், இளைப்பு, மெலிவு வரும். அதனால் பலரை டி.பி. நோயாளி என்றே நினைத்துவிடுகிறார்கள். சிலிக்கோசிஸ் உள்ளவரை டி.பி. எளிதில் தொற்றும் என்பதும் உண்மை. ஆகவே டாக்டரிடம் போகும்போது இதைச் சொல்ல வேண்டும்: "நான் கல் உடைக்கும் வேலை செய்தேன். இத்தனை ஆண்டு செய்தேன்." இந்த ஒரு வரி சரியான மருத்துவத்துக்கு வழி காட்டும். இழப்பீடு கேட்கவும் உதவும்.

பூமிக்குள் ஒரு வேலை

இனி திடீர் ஆபத்துக்கு வருவோம். நிலக்கரிச் சுரங்கத்தைப் பாருங்கள்.

நாம் தரைமேல் வேலை செய்கிறோம். ஆபத்து வந்தால் நாலு பக்கமும் ஓடலாம். சுரங்கத்தில் அப்படி ஓட முடியாது. மேலே பாறைக் கூரை. அது சரியலாம். நிலக்கரியிலிருந்து மீத்தேன் என்ற வாயு கசியும். அதில் தீப்பொறி பட்டால் வெடிக்கும். பக்கத்தில் கைவிட்ட பழைய சுரங்கம் இருக்கும். அதில் தண்ணீர் தேங்கியிருக்கும். நடுவே உள்ள சுவர் உடைந்தால் வெள்ளம் பாயும். வெளியேறும் வழியோ ஒன்றிரண்டுதான்.

1975 டிசம்பர் 27. தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கம். அன்று அது பீகார். இன்று ஜார்க்கண்ட். தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது. 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் நாட்டுச் சுரங்க வரலாற்றில் மிகப் பெரிய துயரங்களில் அதுவும் ஒன்று.

1989 நவம்பரில் மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் பகுதியில் இதே போன்ற விபத்து நடந்தது. மகாபீர் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. 6 பேர் இறந்தார்கள். 65 பேர் உள்ளே உயிரோடு சிக்கிக்கொண்டார்கள். அப்போது ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்கப் பொறியாளர் ஒரு வழி சொன்னார். மேலிருந்து ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டார்கள். இரும்பில் ஆள் உயரக் கூண்டு செய்தார்கள். அதைத் துளை வழியாக இறக்கினார்கள். கில் தாமே அந்தக் கூண்டில் ஏறி உள்ளே போனார். ஒருவர் பின் ஒருவராக 65 பேரும் மேலே வந்தார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சியிலிருந்தும் ஒன்று புரிகிறது. சுரங்கம் ஆபத்தான இடம்தான். ஆனால் எத்தனை உயிர் போகும் என்பதைச் சுரங்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மனிதரின் முன்யோசனையும் தீர்மானிக்கிறது. பழைய சுரங்கத்தின் வரைபடம் சரியாக இருக்கிறதா? நடுச்சுவர் போதுமான கனத்தில் இருக்கிறதா? வாயுவை அளந்தார்களா? கூரையைத் தட்டிப் பார்த்தார்களா? மீட்கக் கருவி தயாராக இருக்கிறதா? இவற்றையெல்லாம் பார்த்தால் அதே சுரங்கத்தில் சாவு குறையும்.

குழிக்குள் காத்திருக்கும் காற்று

சுரங்கம் ஆழமானது. பாதாளச் சாக்கடையோ பத்தடிதான் இருக்கும். செப்டிக் டேங்க் அதைவிடவும் சின்னதாக இருக்கும். ஆனாலும் ஆள் சாகிறார். ஏன்?

கழிவு அழுகும்போது நச்சு வாயு உண்டாகிறது. அதில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு மிகவும் கொடியது. அது காற்றைவிடக் கனமானது. அதனால் குழியின் அடியிலேயே தங்கும். அழுகிய முட்டை போல் நாறும்.

நாறினால் தெரிந்துவிடுமே என்று நினைப்போம். இல்லை. வாயு மிக அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப் போகும். நாற்றமே தெரியாது. "நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்று நினைத்து இறங்குவார். ஒன்றிரண்டு மூச்சிலேயே மயங்கி விழுவார்.

சிலர் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறார்கள். இது மிகவும் தவறு. குழிக்குள் மீத்தேன் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கும். அந்தச் சுடர் நச்சு வாயுவையும் காட்டாது. வாயுவை அளக்கக் கருவி உண்டு. அது மட்டுமே நம்பத் தக்கது.

இன்னொரு கொடுமையும் அடிக்கடி நடக்கிறது. முதலில் இறங்கியவர் விழுகிறார். அவரைக் காப்பாற்ற அண்ணன் இறங்குகிறார். அவரும் விழுகிறார். நண்பர் இறங்குகிறார். அவரும் விழுகிறார். ஒரே குழியில் மூன்று உயிர். பாசத்தால் இறங்குகிறார்கள். ஆனால் அதே காற்றுதான் அவர்களுக்கும் காத்திருக்கிறது. ஒருவர் விழுந்தால் யாரும் இறங்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு உடனே சொல்ல வேண்டும். மூச்சுக் கருவி போட்டவர் மட்டுமே இறங்க வேண்டும்.

கையால் மலம் அள்ளும் வேலையை 2013-ல் வந்த சட்டம் தடை செய்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதும் அந்தச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. ஆளை இறக்குபவருக்குச் சட்டம் பற்றிய பயம் இல்லை. இறங்குபவருக்குச் சட்டம் இருப்பதே தெரிவதில்லை.

ஆபத்தான வேலை யாருக்குக் கிடைக்கிறது?

"ஆபத்து அதிகம் என்றால் கூலியும் அதிகமாகத்தானே இருக்கும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை. பலப்பம் அறுத்தவர் பணக்காரர் ஆகவில்லை. சாக்கடையில் இறங்கியவர் மாடி வீடு கட்டவில்லை.

ஏன் என்றால், வேறு வேலை கிடைக்காதவரே இந்த வேலைக்கு வருகிறார். நிலம் இல்லாதவர் வருகிறார். கடன்பட்டவர் வருகிறார். ஊர் விட்டு ஊர் வந்தவர் வருகிறார். சாக்கடை வேலையில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதியினர் மீதே அந்த வேலையைச் சுமத்தியிருக்கிறார்கள். "வேண்டாம்" என்று சொல்லும் வசதி இல்லாதவரிடம்தான் ஆபத்து வந்து சேருகிறது.

ஒப்பந்த முறையும் ஆபத்தைக் கூட்டுகிறது. முதலாளி காண்டிராக்டரிடம் விடுகிறார். காண்டிராக்டர் மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரி ஆளைப் பிடித்து வருகிறார். விபத்து நடந்தால் "எனக்குத் தெரியாது" என்று ஒவ்வொருவரும் கை காட்டுவார்கள். தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அவசரமும் சேரும். இத்தனை கல் உடைத்தால் இத்தனை ரூபாய். ரம்பத்துக்கு மூடி போட்டால் வேலை மெதுவாகும். அதனால் மூடியைக் கழற்றி வைக்கிறார். வயிறு அவசரப்படுத்துகிறது. விரல் போகிறது.

பிறகு எல்லோரும் சொல்கிறார்கள், "கவனம் இல்லை." இன்னும் சிலர் சொல்கிறார்கள், "தலையெழுத்து." கவனம் வேண்டியதுதான். ஆனால் நாள் முழுவதும் களைக்காமல், கண் அசராமல் இருக்க யாராலும் முடியாது. மனிதன் ஒரு கணம் தவறினாலும் உயிர் போகாதபடி வேலையிடம் இருக்க வேண்டும். அதுதான் பாதுகாப்பு.

ஆபத்தை எப்படிக் குறைப்பது?

இதற்கு ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: ஆபத்தையே நீக்க முடியுமா? சாக்கடைக்குள் ஆள் இறங்கவே தேவையில்லாமல் இயந்திரத்தால் அடைப்பை எடுக்கலாம். அப்படிப்பட்ட இயந்திரங்கள் நம் நாட்டிலேயே வந்துவிட்டன. கேரளத்தைச் சேர்ந்த இளைஞர்கள் சாக்கடை சுத்தம் செய்யும் எந்திரன் ஒன்றைச் செய்தார்கள். 2018 முதல் அது பயன்பாட்டில் உள்ளது.

இரண்டாம் படி: ஆபத்தை அது கிளம்பும் இடத்திலேயே பிடிக்க முடியுமா? கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டால் தூசி அடங்கும். உறிஞ்சும் விசிறி வைத்தால் தூசி மூக்குக்கு வருமுன் குழாயில் போய்விடும். ரம்பத்துக்கு மூடி போட்டால் விரல் தப்பும்.

மூன்றாம் படி: வேலை முறையை மாற்ற முடியுமா? ஒருவரே நாள் முழுவதும் தூசியில் இருக்க வேண்டாம். முறை வைத்து ஆளை மாற்றலாம். குழியில் இறங்குமுன் வாயுவை அளக்கலாம். மேலே ஒருவர் கயிற்றோடு காவல் இருக்கலாம்.

கடைசிப் படி: தொப்பி, கையுறை, காலணி, முகமூடி, இடுப்புக் கயிறு. இவை அவசியம் வேண்டும். ஆனால் இவற்றைக் கொடுத்துவிட்டு மற்ற மூன்று படிகளையும் மறந்துவிடக் கூடாது. வாயில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் நுண்தூசியைத் தடுக்காது. அதற்கென்றே செய்த முகமூடிதான் தடுக்கும்.

மந்தசௌர் தொழிலாளர்களின் துயரம் வீணாகப் போகவில்லை. 1982-ல் மத்தியப் பிரதேச அரசு பலப்பத் தொழிலாளர் நலநிதிக்கு ஒரு சட்டம் செய்தது. கல் சுரங்கங்கள் நிறைந்த ராஜஸ்தானில் தொழிலாளர்கள் பல ஆண்டு போராடினார்கள். 2019-ல் அந்த அரசு ஒரு கொள்கை அறிவித்தது. சிலிக்கோசிஸ் என்று சான்று கிடைத்தவருக்கு 3 லட்சம் ரூபாய். அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பணம் மூச்சைத் திருப்பித் தராது. ஆனால் "இது தலையெழுத்து இல்லை, வேலையால் வந்த நோய்" என்று அரசு ஏற்றுக்கொண்டது. அது பெரிய மாற்றம்.

நாம் செய்யக் கூடியது என்ன?

வேலையில் அடிபட்டால் இழப்பீடு பெறும் உரிமை நம் நாட்டில் புதியது அல்ல. 1923-லேயே அதற்குச் சட்டம் வந்தது. வேலையால் வரும் நோய்க்கும் இழப்பீடு உண்டு. 2020-ல் நாடாளுமன்றம் பணியிடப் பாதுகாப்புக்கு ஒரு சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆனால் உரிமையைக் கேட்க ஆதாரம் வேண்டும். "இவர் இங்கே வேலை செய்தார்" என்று காட்ட வேண்டும். இங்கேதான் நீங்கள் கற்ற எழுத்து உங்களுக்குத் துணை நிற்கும்.

வேலைக்குப் போகும் இடத்தின் பெயரை எழுதி வையுங்கள். காண்டிராக்டர் பெயரை எழுதுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். கூலிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். டிரம்மிலும் மூட்டையிலும் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள். மண்டை ஓட்டுப் படம் இருந்தால் நச்சு என்று பொருள்.

தனியாகக் கேட்கப் பயமாக இருக்கும். "நாளை வராதே" என்று சொல்லிவிடுவார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் வேறாக இருக்கும். அகமதாபாத்திலிருந்து டாக்டர் வந்தது நல்லது. ஆனால் ஒவ்வொரு பட்டறைக்கும் டாக்டர் தானாக வரமாட்டார். நாம்தான் கேட்டு வரவழைக்க வேண்டும்.

உலகத்தில் ஆபத்தே இல்லாத வேலை கிடையாது. கல் வேண்டும். நிலக்கரி வேண்டும். சாக்கடையும் சுத்தமாக வேண்டும். அந்த வேலைகளை யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அதைச் செய்பவர் மாலையில் வீடு திரும்ப வேண்டும். வயதான பிறகும் இழுத்து மூச்சு விட வேண்டும்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை பலப்பம் பிடித்து எழுதும்போது பாருங்கள். அதை அறுத்த ஒருவரின் மூச்சும் அதில் இருக்கிறது.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மிக ஆபத்தான வேலை எது? அதில் இருப்பது திடீர் ஆபத்தா, மெதுவான ஆபத்தா?

2. அந்த வேலையை யார் செய்கிறார்கள்? ஏன் அவர்களே செய்கிறார்கள்?

3. நான்கு படிகளில் எந்தப் படி அங்கே நடக்கிறது? எது நடக்கவில்லை?

4. குழியில் ஒருவர் மயங்கி விழுந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

5. உங்கள் வேலை பற்றி ஐந்து வரி எழுதுங்கள். இடம், முதலாளி அல்லது காண்டிராக்டர் பெயர், சேர்ந்த தேதி, கூலி, அதில் உள்ள ஆபத்து. எழுதிய தாளை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.